மூன்று கிண்ணம்

விடியற்காலை ஐந்தரை. வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு எங்கோ யாரோ மணல் சலிப்பதுபோல ஒரு சத்தம். அது வளர்ந்து முனகலாகும், முனகல் இரைச்சலாகும், பிறகு சட்டென்று தணியும். தணிந்த பிறகுதான் உண்மையான கொதி வருகிறது. இந்தத் தணிவைக் கவனிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

எட்டாம் நூற்றாண்டில் தேநீருக்கென்றே ஒரு நூல் எழுதிய லூ யூ, நீர் கொதிப்பதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். மீன்கண் போன்ற குமிழிகள் எழுவது முதல் நிலை. பாத்திரத்தின் ஓரத்தில் முத்துச் சரம்போல் குமிழிகள் ஓடுவது இரண்டாவது. அலை புரண்டு எழுவது மூன்றாவது. அதையும் தாண்டிக் கொதித்த நீர் முதிர்ந்த நீர், அது தேநீருக்கு ஆகாது என்றார். என் அம்மா உலையை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடியே, "உலைச் சத்தம் மாறிடுச்சு பாரு, அரிசியைக் களைஞ்சு போடு" என்பார். லூ யூ கண்ணால் பிடித்ததை அவர் காதால் பிடித்தார். மின்கெட்டிலுக்கு மூடி உண்டு, முத்துச் சரம் தெரியாது. எனக்கு அம்மாவின் வழிதான்.

*

இந்தத் தேநீர்ப் பழக்கம் எனக்கு வந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து. சிங்கப்பூரில் தோ பாயோவில், ஒரே தளத்தில், பத்தொன்பது வருடம் அடுத்தடுத்த வீடு. நானும் என் மனைவியும் அவரை அங்கிள் என்போம், அவர் மனைவியை ஆன்ட்டி என்போம். சீனர்கள், தியோச்சூக்காரர்கள். அவர்களுக்குள் தியோச்சூ, எங்களோடு மலாயும் ஆங்கிலமும் கலந்த இந்த ஊர்ப் பழைய பேச்சு.

மாலையில் வேலை முடிந்து நான் மின்தூக்கியை விட்டு வெளியே வரும்போது அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். இரும்புக் கிராதிக்குப் பின்னாலிருந்து "ஜியா தே" என்பார். தேநீர் சாப்பிடு என்று பொருள். தியோச்சூவிலும் அதன் உறவு மொழியான ஹொக்கியனிலும் தேநீரைச் சாப்பிடத்தான் செய்கிறார்கள். "காப்பி சாப்பிட்டீங்களா" என்று கேட்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. உலர்ந்த தேயிலையை அவர்கள் 'தே-பி' என்பார்கள். பி என்றால் அரிசி. தேயரிசி. அரிசிப் பானையில் அரிசி தீர்ந்தால் வரும் கவலையை அங்கிள் வீட்டில் தேயிலை டப்பா தீர்ந்தபோது பார்த்திருக்கிறேன்.

நம் நாக்கில் இருக்கும் 'தே'யும் அந்தக் கரையிலிருந்து வந்ததே. சீனத்தின் ஃபூஜியான் துறைமுகங்களில் தேயிலை ஏற்றிய கப்பல்கள் சரக்கோடு சொல்லையும் ஏற்றிக்கொண்டன. மலாயில் அது தே, நமக்குத் தேயிலை, தேத்தண்ணி. 'சா' என்று சொல்லும் மற்றச் சீனப் பகுதிகளிலிருந்து வேறு வழியில் போன சொல்தான் வடக்கே சாயாகவும் மலையாளத்தில் சாயாவாகவும் நிற்கிறது. இங்கே கோப்பிக்கடையில் "தே ஓ" என்று கூவும்போதெல்லாம் ஒரு பழைய துறைமுகத்தின் பேச்சைத்தான் கூவுகிறோம்.

முதல் நாள் நாங்கள் இருவரும் போயிருந்தோம். அங்கிள், ஆன்ட்டி, நாங்கள், ஆக நான்கு பேர். தட்டில் கிண்ணம் மூன்று. ஒவ்வொன்றும் பாதி எலுமிச்சம்பழத் தோல் அளவு இருக்கும், அவ்வளவு மெல்லிசு. இன்னொரு கிண்ணம் எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டை அங்கிள் எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டார். பால் இல்லை, சர்க்கரை இல்லை, கறுத்த சாறு. குடித்ததும் கசந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் ஏதோ இனித்தது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இனிப்பு. என் மனைவிதான் அதை முதலில் சொன்னாள். அதற்குச் சீனத்தில் ஒரு சொல்லே இருக்கிறது. ஹுய்கான், திரும்பி வரும் இனிப்பு. சீன ஒலிவக் காயைத் தின்றாலும் இதேபோல் வரும் என்று அங்கிள் சொன்னார்.

*

அங்கிளின் அப்பா பிறந்த ஊர் தெற்குச் சீனத்தில் குவாங்டாங் மாகாணத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் சாவ்சோ. தியோச்சூ என்பது அந்த ஊர்ப் பெயரை அவர்கள் சொல்லும் விதம். அங்கிள் போனதில்லை. ஒரு டிசம்பரில் நான் போனேன்.

ஹான் ஆற்றுக்குக் குறுக்கே குவாங்ஜி பாலம். 1171-இல் கட்டத் தொடங்கியது. நடுப்பகுதிக்குத் தூண் கிடையாது, அங்கே பதினெட்டுப் படகுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டி நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். மாலையில் படகுகளைப் பிரித்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழைய தெருவில் நடந்தேன். மருந்துக்கடை, சைக்கிள் பழுது பார்க்கும் இடம், துணிக்கடை, எங்கு பார்த்தாலும் ஒரு வட்டத் தட்டு, ஒரு சின்னக் கெண்டி, மூன்று கிண்ணம். வியாபாரம் ஒரு பக்கம், தேநீர் ஒரு பக்கம்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு செருப்புக் கடையில் ஒதுங்கினேன். எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது, அவர்களுக்கு என் பேச்சு தெரியாது. "ஜியா தே" என்று ஒரு முக்காலியைக் காலால் தள்ளினார் கடைக்காரர். அதை மட்டும் புரிந்துகொண்டு உட்கார்ந்தேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். கிண்ணம் மூன்றுதான்.

அங்கேதான் அந்த வழக்கம் முழுசாகப் பிடிபட்டது. மூன்று கிண்ணமும் ஒன்றையொன்று தொட்டபடி முக்கோணமாக இருக்கும். சீன எழுத்தில் 'வாய்' என்பதை மூன்று முறை இப்படி அடுக்கி எழுதினால் சுவைத்து அறிதல் என்று பொருள். விருந்தாளிக்கும் வயதில் மூத்தவருக்கும் முதலில். கிண்ணம் கிடைத்தவர் மற்றவரைப் பார்த்து 'நீங்கள் எடுங்கள்' என்று சைகை காட்டுவார், அவர் மறுப்பார், பிறகுதான் குடிப்பார். குடித்த கிண்ணம் தட்டுக்குத் திரும்பும். அதில் கொதிநீர் விட்டு, இன்னொரு கிண்ணத்தை அந்த நீருக்குள் விளிம்பில் நிறுத்தி, கட்டைவிரலால் மேல் விளிம்பையும் நடுவிரலால் அடியையும் பிடித்து ஒரு சுழற்று. சலங்கை உருண்டதுபோல் சத்தம். மூன்று கிண்ணமும் கழுவியாயிற்று. அடுத்த நீர், அடுத்த மூவர். யார் எந்தச் சுற்றில் குடித்தார் என்று யாரும் எண்ணவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைக்காரர் குடித்தது நான்காவது நீரில்.

மழை விட்ட பிறகும் நான் கொஞ்ச நேரம் எழவில்லை.

*

குங்ஃபூ தே என்று இதற்குப் பெயர். சண்டைப் படத்தில் கேட்ட அதே சொல்தான். நேரமும் உழைப்பும் கொடுத்துச் சம்பாதித்த கைப்பழக்கம் என்பதே அதன் பொருள். 2008-இல் சீன அரசு சாவ்சோவின் இந்த வழக்கத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் சீனத்தின் தேயிலைத் தொழில்களையும் வழக்கங்களையும் சேர்த்து யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டபோது இதுவும் அதற்குள் இருந்தது. செருப்புக் கடைக்காரருக்கு இது தெரியுமோ என்னவோ.

பழைய ஆட்கள் நான்கு பொருளைச் சொல்வார்கள். களிமண் அடுப்பு, அதன்மேல் மண் கெட்டில், சின்னக் கெண்டி, வெள்ளைக் கிண்ணம். கெண்டிக்கு மெங்சென் என்று பெயர், கிண்ணத்துக்கு ருவோசென் என்று பெயர். இரண்டுமே மனிதர்களின் பெயர்கள். ஹுய் மெங்சென் யீஷிங் ஊரில் இருந்த குயவர், சின்னக் கெண்டிகளுக்குப் பேர்போனவர். அவர் போய் முந்நூறு வருடத்துக்கு மேலாகியும், யார் செய்த சின்னக் கெண்டியானாலும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். ஒரு குயவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

1957-இல் வெங் ஹுய்தொங் என்ற சாவ்சோ அறிஞர் இந்த வழக்கம் முழுவதையும் எழுதிவைத்தார். அடுப்புக்கு ஒலிவக் கொட்டைக் கரி சிறந்தது என்கிறார்கள். புகை வராது, தணல் நின்று எரியும். அடுக்குமாடி வீட்டில் எனக்கு அதற்கு வழியில்லை. மின்கெட்டில்தான். இதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. ஆனால் கெண்டி விஷயத்தில் அப்படி விட்டுக்கொடுக்க முடியாது.

*

கெண்டி.

சின்னக் கெண்டிகள் எப்படி வந்தன என்பதற்கு ஓர் அரச ஆணை காரணம். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1391-இல், அரண்மனைக்குக் கட்டித் தேயிலை அனுப்ப வேண்டாம், இலையாகவே அனுப்புங்கள் என்று உத்தரவிட்டார். அதுவரை இலையை இடித்து வில்லையாக்கி, அதைப் பொடித்து, கிண்ணத்தில் அடித்துக் கலக்கிக் குடிப்பது உயர்ந்த வழக்கமாக இருந்தது. இலையை முழுசாக ஊறவைக்கும் பழக்கம் மேலோங்கியதும் ஊறவைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. அடுத்த நூற்றாண்டுகளில் ஜியாங்சு மாகாணத்து யீஷிங்கின் ஊதா மண் கெண்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

யீஷிங் கெண்டியைச் சக்கரத்தில் வனைவதில்லை. அந்த மண்ணில் மணல்தன்மை அதிகம். மண்ணைத் தட்டித் தட்டித் தகடாக்கி, அதை உருளையாகச் சுற்றி, மரத் தட்டுப் பலகையால் வெளியே அடித்து அடித்து உருண்டையாக்குவார்கள். மெருகு பூசுவதில்லை. சாவ்சோவில் வேறு. அங்கே செம்மண், சக்கரத்தில் வனைவது. உள்ளே பார்த்தால் குயவர் விரல் போன வரி சுருள் சுருளாகத் தெரியும். என்னிடம் இருப்பது அந்தச் செம்மண் கெண்டி. தொண்ணூறு மில்லிதான் கொள்ளும். உள்ளங்கையில் வைத்தால் கோழிமுட்டை வைத்ததுபோல் இருக்கும்.

இது இரண்டாவது கெண்டி. முதலாவது எங்கோ வாங்கியது, எங்கே என்பது இங்கே வேண்டாம். அருமையான கரும்ஊதா நிறம், பளபளப்பு, கூடவே சான்றிதழ். வீட்டுக்கு வந்து கொதிநீர் ஊற்றியதும் செருப்பு மெழுகு வாடை அடித்தது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம். மூன்று நாள் நீர் மாற்றி மாற்றி ஊற வைத்தும் வாடை போகவில்லை. அங்கிளிடம் காட்டினேன். வாங்கி மூக்கருகே கொண்டுபோனவர், ஒன்றும் சொல்லாமல் சன்னலோரம் இருந்த பணச்செடியின் பக்கத்தில் வைத்தார். "இதில் செடி நன்றாக வளரும்" என்றார். வளர்ந்தது.

பிறகு அவரே கூட வந்து கெண்டி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வெறுங்கெண்டியில் வெந்நீர் ஊற்றச் சொல்லி முகர வேண்டும். ஈர மண் வாசனை வரலாம், வேறெதுவும் வரக்கூடாது. மூடியைக் கழற்றிக் கெண்டியைக் கவிழ்த்து வைத்தால் மூக்கும் வாயும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் மேசையைத் தொட வேண்டும். நீர் நிரப்பிச் சாய்த்து ஊற்றும்போது மூடியின் துளையை விரலால் அடைத்தால் நீர் நிற்க வேண்டும், விரலை எடுத்தால் வர வேண்டும். நின்றால் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறது. கடைசியாக, நீர் வெளியேறும் வேகம். நிறைந்த கெண்டி பத்து எண்ணுவதற்குள் காலியாக வேண்டும். மெதுவாக ஊற்றும் கெண்டி எவ்வளவு அழகானாலும் வேண்டாம். உள்ளே மிச்சம் நிற்கும் நீர் இலையைக் கசக்கவைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலைதான். மெருகு பூசாத மண் வாசனை பிடிக்கும். சோப்பு காட்டக்கூடாது, வெந்நீரால் அலசிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் அங்கிள் பெரிய ரகசியம்போலச் சொன்னபோது எனக்கு எங்கள் வீட்டு மீன் சட்டி நினைவுக்கு வந்தது. புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குவதும், மீன் சட்டியில் வேறு குழம்பு வைக்காததும், தேங்காய் நார் போட்டு மட்டும் தேய்ப்பதும் இதே அறிவுதானே. 'சட்டி பழகிடுச்சு' என்று அம்மா சொல்லும் அதே பொருளில்தான் அவரும் கெண்டியைப் பற்றிப் பேசினார்.

புதிதாகத் தொடங்குகிறவர் யாரேனும் கேட்டால் நான் கெண்டி வாங்கச் சொல்வதில்லை. முதலில் ஒரு கைவான் போதும். தட்டு, கிண்ணம், மூடி, மூன்றும் சேர்ந்த வெள்ளைப் பீங்கான். எந்த வாசனையையும் பிடித்து வைக்காது, எந்தத் தேயிலைக்கும் சம்மதிக்கும், இலை தவறு செய்ததா நீங்கள் தவறு செய்தீர்களா என்பதை மறைக்காமல் காட்டும். விரல் சுடும். ஒரு வாரத்தில் பழகிவிடும். சாவ்சோவிலேயே இப்போது கெண்டிக்குப் பதில் அதைத்தான் பலர் வைத்திருக்கிறார்கள்.

*

வெள்ளிக்கிழமை மாலைகளில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்குப் போவோம். 1827-இல் நிறுவப்பட்ட கோவில். நாலடி தள்ளி 1826-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலால்தான் பக்கத்துத் தெருவுக்கு மொஸ்க் ஸ்திரீட் என்று பெயர். இவ்வளவும் சைனாடவுனுக்கு நடுவில். விபூதி இட்ட நெற்றியோடு நேரே பழைய தேயிலைக் கடைக்குள் நுழைவேன். கனமான தகர டப்பாக்கள். கரி வாட்டிய தேயிலையின் மணம் கோவில் சாம்பிராணியோடு வந்து கலக்கும்.

அங்கிளின் தலைமுறை இங்கே குடித்தது பெரும்பாலும் நன்றாகக் கருக வறுத்த தியே குவான் யின். எனக்குப் பிடித்துப்போனது சாவ்சோவின் சொந்தத் தேயிலையான டான்சொங். நகரத்துக்கு வடக்கே ஃபெங்குவாங் மலையில், உச்சிப் பகுதியான ஊதோங் சரிவுகளில் விளைவது. டான்சொங் என்றால் ஒற்றைச் செடி. ஒவ்வொரு மரத்து இலையையும் தனியாகப் பறித்துத் தனியாகப் பதப்படுத்தும் வழக்கத்தால் வந்த பெயர். இன்றைக்கு எல்லாமே அப்படி வருவதில்லை. பழைய மரத்து இலை விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, நாம் வாங்குவது அவற்றிலிருந்து பதியன் போட்டு வளர்த்த தோட்டங்களுடையது. 'ஐந்நூறு வருட மரம்' என்று எழுதியிருக்கும் மலிவுப் பொட்டலத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

வகைகளுக்குப் பெயர் மணத்தால். தேன்-ஆர்க்கிட், இஞ்சிப்பூ, பாதாம். இவற்றுக்கு நடுவே வாத்தெச்சம் என்றும் ஒன்று உண்டு. அருமையான மணமுள்ள செடி. பிறர் திருடிக்கொண்டு போகாமலிருக்க விவசாயி அப்படிச் சொல்லிவைத்தார் என்கிறார்கள், மண்ணின் நிறத்தால் வந்தது என்றும் சொல்கிறார்கள். 2014-இல் வெள்ளிப்பூ மணம் என்று கௌரவமான பெயர் சூட்டிப் பார்த்தார்கள். கேட்பவர்கள் இன்னும் வாத்தெச்சம் என்றே கேட்கிறார்கள். நான் வாங்குவது மீ லான், தேன்-ஆர்க்கிட். நடுத்தர விலையில், முறியாமல் நீளநீளமாக முறுக்கிய இலையாகப் பார்த்து எடுப்பேன். சூடாக்கிய வெறுங்கெண்டியில் இலையைப் போட்டு, மூடி, ஒரு குலுக்குக் குலுக்கித் திறந்து முகர்ந்தால் வாங்கலாமா வேண்டாமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அந்த மணம் இலையில் சும்மா இருப்பதில்லை. பறித்த இலையை மாலை வெயிலில் வாட்டுகிறார்கள். பிறகு மூங்கில் தட்டில் பரப்பி, இரவு முழுக்க, இடைவெளி விட்டு விட்டு, கையால் குலுக்கி உருட்டுகிறார்கள். இலைகள் ஒன்றோடொன்று மோதி ஓரங்கள் கன்றிப்போகின்றன. கன்றிய இடம் காற்றுப்பட்டுச் சிவக்கிறது. நடு இலை பச்சையாகவே இருக்கிறது. பச்சைப்புல் வாசனை குறைந்து பூவாசனை எழும்புவதைக் கவனித்தபடி தேயிலைக்காரர் விழித்திருக்கிறார். இது போதும் என்று மூக்குச் சொல்லும் நேரத்தில் சூடான வாணலியில் போட்டுப் புரட்டி அந்த மாற்றத்தை நிறுத்துகிறார். அதன் பிறகு முறுக்குவது, உலர்த்துவது, கரித்தணலில் பல மணி நேரம் வாட்டுவது. எவ்வளவு கன்ற வேண்டும் என்பதுதான் அந்த இரவின் கேள்வி. குறைந்தால் பச்சை நாற்றம், கூடினால் மணம் செத்துவிடும்.

*

ஏழு கிராம் இலை. கெண்டியில் பாதிக்கு மேல் வந்துவிடும், பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். நன்றாகக் கொதித்த நீரை உயரத்திலிருந்து, கெண்டியின் விளிம்பையொட்டிச் சுற்றி ஊற்ற வேண்டும். நடுவில் ஊற்றினால் இலை சீக்கிரம் கசப்பை விட்டுவிடும். மேலே வரும் நுரையை மூடியால் வழித்துத் தள்ளி, மூடி, கெண்டியின் மேலேயும் கொதிநீர் விட வேண்டும். முதல் நீர் குடிப்பதற்கில்லை, கிண்ணங்களைச் சூடாக்க. இரண்டாவது நீரிலிருந்து குடிக்கலாம். பத்து விநாடி போதும். ஒவ்வொரு நீருக்கும் சிறிது கூட்டிக்கொண்டே போகலாம்.

நீரை விடும்போது உயரம், தேநீரை ஊற்றும்போது தாழ்வு. கிண்ணத்தை உரசினாற்போல் கெண்டியின் மூக்கு தாழ்ந்து, மூன்று கிண்ணத்தின் மேலும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வர வேண்டும். குவான் கொங் நகர்வலம் வருகிறார் என்பார்கள் அதை. கோவில்களில் செம்முகத்தோடு நிற்கும் அந்தப் போர்வீரர்தான், செம்மண் கெண்டிக்குப் பொருத்தம். கடைசியில் நீர் குறைந்து சொட்டுச் சொட்டாக வரும்போது ஒரு கிண்ணத்துக்கு ஒரு சொட்டு, மாற்றி மாற்றி. தளபதி ஹான் ஷின் படையை எண்ணுகிறார் என்பார்கள் இதை.

பல மாதம் இதை நான் அழகுக்காகச் செய்யும் கைவீச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவசரத்தில் மூன்றையும் ஒவ்வொன்றாக நிரப்பினேன். முதல் கிண்ணம் வெளிறியிருந்தது, மூன்றாவது கறுத்துக் கிடந்தது. ஊற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடியிலும் இலை உள்ளே ஊறிக்கொண்டுதானே இருக்கிறது. கடைசிச் சொட்டுகளில்தான் சாரம். அதை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிடாமலிருக்கத்தான் இந்தச் சுற்றும் இந்த எண்ணிக்கையும். பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவரைப் பார்த்துப் பெரியவர்கள் "அடியோட கலந்து ஊத்துப்பா" என்று சொல்வார்களே, அதே அக்கறை.

கெண்டி சின்னதாக இருப்பது, கிண்ணங்கள் ஒட்டி நிற்பது, மூக்கு தாழ்வது, எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. மணமும் இனிப்பும் இலையின் வேலை. யாருக்கும் வெளிறியது போய்ச் சேராமல் பார்ப்பது கையின் வேலை.

இப்போது நியாயக் கோப்பை என்று ஒரு குவளை வந்துவிட்டது. கெண்டியிலிருந்து மொத்தத்தையும் அதில் கவிழ்த்து, அதிலிருந்து கிண்ணங்களுக்கு ஊற்றினால் எல்லாம் ஒரே நிறம், தவறே வராது. தைவானிலிருந்து பரவியது. எட்டுப் பேர் வரும் நாளில் நானும் அதை எடுக்கிறேன். சாவ்சோவின் பழைய ஆட்கள் அதைத் தொடுவதில்லை. தேநீர் ஆறிவிடும் என்பார்கள். நியாயத்தைக் குவளையிடம் ஒப்படைத்துவிட்டால் கை அதை மறந்துவிடும் என்றும் ஒரு காரணம் இருக்கலாம். இது நானாக நினைத்துக்கொள்வது.

*

தனியாகக் குடிக்கும் இந்தக் காலையிலும் மூன்று கிண்ணம் வைக்கிறேன். மூன்றையும் சரிசமமாக ஊற்றி, மூன்றையும் நானே குடிக்கிறேன். முதல் கிண்ணம் நாக்கைச் சுடும். இரண்டாவதில் மணம். மூன்றாவது ஆறியிருக்கும். ஆறிய தேநீரில் குறை மறைவதில்லை. நல்ல இலை ஆறினாலும் இனிக்கும். காலியான கிண்ணத்தை முகர்ந்தால், தேன் ஒட்டிய அடிபோல ஒரு வாசனை தங்கியிருக்கும்.

நான்காவது, ஐந்தாவது நீர் எனக்குப் பிடித்தது. ஆரம்பத்து மிடுக்கு போய், கசப்பு ஒதுங்கி, சாறு தெளிந்திருக்கும். எட்டாவது நீருக்குப் பிறகு இலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரிப்பேன். கம்பிபோல் முறுகிக் கிடந்தது இப்போது விரல் நீள இலையாக விரிந்திருக்கும். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஆலிவ் பச்சை, ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு, பட்டுப் புடவைக்குக் கரை போட்டாற்போல. ஃபெங்குவாங் மலையில் யாரோ தூங்காமல் கழித்த ஓர் இரவு அந்தக் கரையில் இருக்கிறது.

*

ஆன்ட்டி போன வருடம் தவறிவிட்டார். அங்கிள் ஜூரோங்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கெண்டியைத் துணியில் சுற்றித் தானே கையில் எடுத்துக்கொண்டு போனார், சுமை தூக்க வந்தவர்களிடம் தரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தோம். அங்கிள், அவர் மகள், நாங்கள் இருவர், நான்கு பேர். தட்டில் மூன்று கிண்ணம். இலையைக் கெண்டியில் போட்டது அங்கிள்தான். கெட்டிலைத் தூக்கியபோது கை நடுங்கி நீர் தட்டில் சிந்தியது. கெட்டிலைக் கீழே வைத்து, அதன் கைப்பிடியை என் பக்கமாகத் திருப்பினார். ஒன்றும் சொல்லவில்லை.

விளிம்போடு ஊற்றினேன். நுரை வழித்தேன். முதல் நீரைக் கொட்டினேன். இரண்டாவது நீரை எண்ணி நிறுத்தி, கெண்டியைத் தாழ்த்தி மூன்று கிண்ணத்தின் மேலும் சுற்றி வந்தேன். கடைசிச் சொட்டுகளையும் எண்ணி விட்டேன். அவர் கிண்ணத்தை எடுக்கவில்லை. முன்னால் குனிந்து மூன்றையும் பார்த்தார். சுட்டுவிரலை நீட்டி ஒரு கிண்ணத்தைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் தெரிந்தது, மற்ற இரண்டைவிட ஒரு நூல் வெளிறல். கெண்டியைக் கவிழ்த்துக் குலுக்கினேன். இரண்டு சொட்டு விழுந்தன. மூன்றாவது மூக்கு நுனியில் தொங்கி, யோசித்து, விழுந்தது.

அவர் தலையசைத்தார். ஒன்றை மகளுக்கு, ஒன்றை என் மனைவிக்கு நகர்த்தினார். அந்த வெளிறிய கிண்ணத்தைத் தான் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து "ஜியா" என்றார், வெறுங்கையோடு இருப்பவரிடம் அனுமதி கேட்பதுபோல. நான் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டு அடுத்த நீருக்குக் காத்திருந்தேன்.